வயலின் நடுவில் யாரும் எண்ணவில்லை

மார்ச் 3, செவ்வாய்

நாள் நன்றாகத்தான் தொடங்கியது. இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்லும் வழக்கம் இல்லாதவர். நாற்காலி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே எனக்கு ஒரு நொடி மறந்துவிட்டது.

ஆணை தயாராம். இனி எல்லா விவசாயிகளும் வயல் ஓரத்தில் மர வரிசையோ உயிர்வேலியோ வைத்தாக வேண்டும். கிழக்கு, மேற்கு என்ற பேதமே கிடையாது. மழை தொடங்கியதும் நடவு. நாற்றங்காலில் நான்கு லட்சம் கன்றுகள் காத்திருக்கின்றன. ஆணைக்கு ஆதாரம் எட்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய அறிக்கை. வயலைச் சுற்றி வேலியும் புதரும் மரமும் கலந்திருந்தால் பறவைகள் பெருகும் என்று இந்தத் துறையில் முதலில் எழுதியவள் நான்தான். அதை உறுதிப்படுத்தி இன்னும் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஏப்ரல் முப்பதுக்குள்.

"உங்க பேருதாம்மா இதுல நிக்கப்போகுது" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே வந்து இரண்டு காபி குடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தம்பிக்குப் போன் போட்டேன். மேற்கு வெளியில் விவசாயம் செய்கிறவன், சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னும் எத்தனை பேர் வயல இப்படிக் கெடுக்கப்போற அக்கா?" என்றான். போனை வைத்துவிட்டான்.

மார்ச் 4, புதன்

உறுதிப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். மூன்று வரி எழுதி இரண்டரை வரியை அடித்தேன்.

அவனுக்கு என்ன தெரியும்? மேற்கே அந்தப் பெரிய வெளியில் முதன்முதலில் மர வரிசை வைத்தது அவன் வயலில்தான். என் பேச்சைக் கேட்டுத்தான் வைத்தான். மாதிரிப் பண்ணை என்று பலகைகூட நட்டோம். இரண்டாவது வருடமே ஆரம்பித்துவிட்டான். ஆட்காட்டியைக் காணோம், வானம்பாடி பாடவில்லை, தினம் ஒரு புலம்பல். நான் படிவத்தைக் காட்டினேன். மரம் வைக்குமுன் பதினான்கு வகை, வைத்த பிறகு இருபத்து மூன்று. கூடியிருக்கிறதடா என்றால், "காக்கா, மைனா, கிளி கூடியிருக்கு. அதெல்லாம் எங்கேயும் இருக்கிறதுதானே?" என்பான்.

அந்த வெளியில் மரங்களைவிட இவன் கோபம்தான் செழிப்பாக வளர்ந்திருக்கிறது.

மார்ச் 7, சனி

நேரில் பேசிவிடுவோம் என்று கிளம்பினேன். மூன்று மணி நேரப் பேருந்து. வாசலில் செருப்பைக் கழற்றுமுன்பே தொடங்கிவிட்டோம். தம்பி மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணி, சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க, தெம்பா இருக்கும்" என்றாள். சாப்பிட்டோம். பிறகு போட்டோம்.

அவன் கத்தவில்லை. அதுதான் எரிச்சல். விரல்விட்டு எண்ணுவதுபோல நிதானமாகச் சொன்னான்: "வருஷா வருஷம் வர்ற. ஜீப்ப ஓரத்துல நிறுத்துற. ஓரத்துல நின்னு எண்ணுற. ஓரத்தோடயே கிளம்பிப் போற. ஒரு நாளாவது வயலுக்குள்ள கால் வெச்சிருக்கியா?"

வைத்ததில்லை. பயிரை மிதிக்கக் கூடாது என்பது கணக்கெடுப்பு விதி. அதைச் சொன்னேன். சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது அறுவடை முடிந்து வெறும் தாள்தான் நிற்கிறது, மிதிக்கப் பயிர் ஏதும் இல்லை. நாளைக் காலை வயலின் குறுக்கே நடந்து காட்டி இவன் வாயை அடைக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

அடைத்துப்போனது என் வாய்.

முதலில் தம்பியின் வயல். இரு பக்கமும் மர வரிசை, நடுவில் நான். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தேன். என்ன தேடுகிறாள் இவள் என்று இரண்டு காகங்கள் மரத்துக்கு மரம் தாவிக் கூடவே வந்தன. தரையிலிருந்து ஒன்றும் எழவில்லை. ஒன்றுகூட.

அப்புறம் சாலையைத் தாண்டி எதிர்வயல். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் இல்லை. அந்த விவசாயி எங்கள் கன்றுகளை வாங்க மறுத்தவர். அவரை "ஒத்துழைக்காதவர்" பட்டியலில் நானே என் கையால் சேர்த்திருக்கிறேன். அறுபதாவது எட்டில் ஒரு வானம்பாடி எழுந்து பாடிக்கொண்டே மேலே போனது. முந்நூறாவது எட்டில் இரண்டு ஆட்காட்டிகள் என் தலைக்கு மேல் கத்திக் கத்திச் சுற்றின. தூக்கிய காலை அப்படியே நிறுத்தினேன். காலடியில் உள்ளங்கை அளவு பள்ளம், அதில் மண் நிறத்தில் நான்கு முட்டைகள். இன்னொரு எட்டு வைத்திருந்தால் பறவை ஆய்வாளரே மிதித்துக் கூழாக்கியிருப்பாள்.

அந்த ஒரு வயலில் மூன்று கூடுகள், பதினொரு வானம்பாடிகள். எட்டு வருடப் படிவங்களில் அந்த வயலுக்கு நேரே நான் எழுதியது: பறவை வளம் குறைவு.

தம்பி பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 9, திங்கள்

பத்தொன்பது வருட வேலை. ஓரத்திலேயே நின்றிருக்கிறேன்.

மார்ச் 11, புதன்

பயிற்சிக் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். ஆறாம் பக்கம். "வயல் ஓரத்தில் நிற்கவும். பத்து நிமிடம். ஐம்பது மீட்டருக்குள் காண்பதையும் கேட்பதையும் குறிக்கவும். பயிரை மிதிக்கக் கூடாது." எழுதியது யார்? நான்தான். என் நடைதான், என் புள்ளிகள்தான்.

நான் முதல் பத்து வருடம் வேலை பார்த்தது கிழக்கில். அங்கே வயல்கள் கைக்குட்டை மாதிரி. ஓரத்தில் நின்று ஐம்பது மீட்டர் பார்த்தால் முழு வயலும் அடங்கிவிடும், எதிர்வேலியும் தெரியும். அங்கே எண்ணியது உண்மை. அதே விதியை அப்படியே மேற்குக்குக் கொண்டுவந்தேன். இங்கே ஒரு வயல் ஒரு கிலோமீட்டர் அகலம். ஓரத்தில் நின்றால் ஓரம் மட்டும்தான் தெரியும். ஓரத்தில் மரம் வைத்தால் ஓரத்துக்கு மைனா வரும். வந்தது. எழுதினோம். அதே மரத்தில் காகமும் பருந்தும் உட்கார்ந்துகொண்டு நடுவில் இருக்கும் கூடுகளைக் குறிபார்த்ததை யாரும் பார்க்கவில்லை. தரையில் கூடு வைக்கும் பறவை மரத்தைக் கண்டாலே விலகிப் போகும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். தேர்விலே எழுதியிருக்கிறேன். தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்தேன்?

தம்பி ஆறு வருடமாகச் சொல்கிறான். புலம்பல் என்று பெயர் வைத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

ஒரு வயலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எட்டு வருடத்துக்கு முன்பு நான் செய்த தவறும் கிட்டத்தட்ட அதுதான். மேற்கில் மரம் உள்ள பன்னிரண்டு வயல், இல்லாத பன்னிரண்டு. கிழக்கில் வேலி உள்ளது பன்னிரண்டு, இல்லாதது பன்னிரண்டு. எல்லாவற்றிலும் நடுவில் நடக்க வேண்டும். ஒரு மாத விடுப்பு தருவார்களா? தரமாட்டார்கள். வழக்கமான சுற்றுப்பயணம் என்று எழுதிவிட்டேன். பொய் இல்லை. சுற்றத்தான் போகிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

காலில் கொப்புளம். முகம் கருத்து, கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளுப்பு. நேற்று ஒரு விவசாயி நான் நிலம் அளக்க வந்த ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொருவர் பின்னாலேயே வந்து, என்ன தொலைத்தீர்கள், நானும் தேடுகிறேன் என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஜீப் ஓட்டுநருக்குத்தான் அதிக வருத்தம். நான் நடந்தால் அவருக்கு வேலை இல்லை. வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் இன்று இறங்கி வந்தார். "மேடம், அந்தப் பக்கத்த நான் நடந்து பாக்கட்டுமா? சும்மா உக்காந்தா தூக்கம் வருது." வானம்பாடிக்கும் கொண்டைக்குருவிக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுத்தேன். மாலைக்குள் என்னைவிட வேகமாகக் கூடு கண்டுபிடிக்கிறார். பதினைந்து வருடம் இவரை வண்டிக்குள்ளேயே வைத்திருந்தோம்.

ஏப்ரல் 6, திங்கள்

முடிந்தது.

மேற்கில் மரம் உள்ள பன்னிரண்டு வயலிலும் சேர்த்துத் தரைக்கூடுகள் மூன்று. மூன்றும் மரத்திலிருந்து இருநூறு எட்டுக்கு அப்பால். மரம் இல்லாத பன்னிரண்டில் நாற்பத்தொன்று.

கிழக்கில் நேர்மாறு. வேலியுள்ள வயலில் எதை எடுத்தாலும் இருபதுக்குக் குறையாத வகை. கீச்சான், சிட்டுகள், புதருக்குள் குடும்பம் நடத்தும் அத்தனை சின்னப் பறவைகளும். வேலி இல்லாத வயலில் ஒன்பது, பத்து. அங்கே வெட்டவெளிப் பறவை எப்போதுமே இருந்ததில்லை, வேலியால் இழக்க ஏதுமில்லை.

இரண்டும் உண்மை. ஒன்றைச் சொன்னால் இன்னொன்று பொய்யாகிவிடாது. இவ்வளவு எளிதான விஷயம், மேலே போகப் போக எப்படிச் சிக்கலாகுமோ.

ஏப்ரல் 8, புதன்

பழைய படிவங்களைக் கிழக்கு வேறு, மேற்கு வேறாகப் பிரித்துத் தாருங்கள் என்று புள்ளிவிவரப் பிரிவில் கேட்டேன். கணினி அம்மா உதட்டைப் பிதுக்கினார். பகுதி என்ற பத்தியையே ஐந்து வருடத்துக்கு முன் எடுத்துவிட்டார்களாம். ஏன்? "அறிக்கையில அதுக்குக் கட்டம் இல்லையே" என்றார்.

கட்டம் இல்லையாம்!

ஏப்ரல் 10, வெள்ளி

இயக்குநர் இன்று உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

என் தாள்களை இப்படியும் அப்படியும் திருப்பினார். எட்டு வருடமாக எல்லோரும் ஏற்றுக்கொண்ட கணக்கை ஒரு மாதம் நடந்துவிட்டு வந்து மாற்றச் சொன்னால் எப்படி என்றார். கன்றுகளை என்ன செய்வது என்றார். மேலிடத்துக்கு என்ன சொல்வது என்றார். நியாயமான கேள்விகள்தான், ஒன்றுகூடப் பறவையைப் பற்றி இல்லை. கடைசியில் அவராகவே கூட்டி, வகுத்து, ஒரு எண்ணை வட்டமிட்டுக் காட்டினார். "ரெண்டு பக்கத்தையும் சேத்துச் சராசரி போட்டா நல்லாத்தாம்மா வருது. அப்புறம் என்ன?"

"வானம்பாடி சராசரியில கூடு கட்டாது சார்."

கண்ணாடியைக் கழற்றினார். ஊருக்கு ஊர் ஒரு விதியா போட முடியும் என்று கேட்டார். ஊருக்கு ஊர் வேண்டாம், இரண்டே இரண்டு போதும், மேற்கில் வெளியை வெளியாகவே விடுங்கள், கிழக்கில் வேலியைத் தொடாதீர்கள் என்றேன். ஒரே விதிதான் அழகு என்றார். அழகு என்ற சொல்லை அவர் வாயில் இன்றுதான் கேட்கிறேன்.

கையெழுத்துக்கு இன்னும் இருபது நாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

ஒரு வாரமாகக் கோப்பு என் மேசையில். சாப்பாடு இறங்கவில்லை.

என் கையெழுத்து இல்லாமலும் ஆணை போகும். பழைய அறிக்கையே போதும் என்று அவர் இன்று சொல்லியனுப்பிவிட்டார். அதைத் தடுக்க ஒரே வழிதான். பழைய அறிக்கை தவறு என்று அதை எழுதியவளே எழுதித்தர வேண்டும்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். மருந்துக் கடையைப் பூட்டிவிட்டு வந்த களைப்பு, சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "உன் முகத்துல நீயே கரி பூசிக்கணுமா? தப்புன்னு வேற யாராவது கண்டுபிடிக்கட்டுமே" என்றார்.

வேறு யாரும் வயலுக்குள் இறங்கமாட்டார்கள். இறங்கக் கூடாது என்று எழுதிவைத்தவள் நானல்லவா.

சட்டையைக் கழற்றி மாட்டியபடியே, தப்பான மருந்து கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் தாம் என்ன செய்வார் என்பதை அவராகவே சொன்னார். ஓடிப்போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவாராம். கடையின் பெயர் கெட்டாலும்.

ஏப்ரல் 20, திங்கள்

கொடுத்துவிட்டேன். நாலு வரிதான். "எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் அளித்த அறிக்கை கிழக்குப் பகுதிக்கு மட்டுமே பொருந்தும். மேற்கு வெளிக்கு அது தவறு. தவறு என்னுடையது. மேற்கைப் பொறுத்தவரை அதைத் திரும்பப் பெறுகிறேன்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அப்புறம் பசித்தது.

ஏப்ரல் 30, வியாழன்

ஆணை நிறுத்தம். முழுவதும்! கிழக்குக்கும் சேர்த்து.

ஓடினேன் இயக்குநர் அறைக்கு. மேற்கை மட்டும்தானே விடச் சொன்னேன், கடிதத்தைப் படித்தீர்களா இல்லையா என்றேன். படித்தாராம். அடிப்படை அறிக்கையே தவறென்று எழுதியவரே ஒப்புக்கொண்ட பின் அதன்மேல் எதையும் நிறுத்த முடியாதாம். கிழக்கில் இருக்கிற வேலிகளை அகற்றக் கூடாது என்ற பழைய சுற்றறிக்கையும் அதே அறிக்கையின் பேரில் போட்டதுதான், ஆகவே அதுவும் போயிற்று.

நான் கேட்டது இரண்டு விதி. கிடைத்தது ஒன்றுமில்லை. எழுதும்போதே பேனா கிழிக்கிறது.

மே 3, ஞாயிறு

செய்தித்தாள். ஐந்தாம் பக்கம், பெட்டிச் செய்தி. "மரமும் வேலியும் பறவைக்கு ஆகாது: ஆய்வாளர் திடீர் பல்டி." யார் கொடுத்தார்களோ. கிழக்கு என்ற சொல்லும் இல்லை, மேற்கு என்ற சொல்லும் இல்லை. என் பெயர் மட்டும் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறது.

மே 10, ஞாயிறு

தம்பி மரங்களை வெட்டினான். போன் செய்து வரச் சொன்னான், போனேன். அவை நான் கையால் பிடித்து நட்ட கன்றுகள். ரம்பத்தின் மறுபுறம் பிடிக்க ஆள் வேண்டும் என்றான். பிடித்தேன்.

அதற்குமுன் ஒவ்வொரு மரமாகக் கூடு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். மூன்று மரத்தில் இருந்தது, காகத்தின் கூடு. விட்டுவிடு என்றேன். யாருக்காக வெட்டுகிறோம் என்று தம்பி கேட்டான். தெரியும். இருந்தாலும் குஞ்சு குஞ்சுதானே. தலையில் அடித்துக்கொண்டு அந்த மூன்றை விட்டான்.

சாலையில் போனவர்கள் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். மரம் வெட்டுகிற பறவை ஆபீசர்.

மே 19, செவ்வாய்

கிழக்கிலிருந்து போன். வேலிகளைப் பிடுங்குகிறார்களாம். ஒரே வாரத்தில் ஆறு பேர்.

மே 20, புதன்

போய்ச் சேர்ந்தபோது மதியம். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் முதன்முதலில் நின்று எண்ணிய வேலி இது. நிலத்துக்குச் சொந்தக்காரியை ஊரில் டிராக்டரம்மா என்பார்கள். புருஷன் போனபின் தானே டிராக்டர் ஓட்டி, தானே விதைத்து, இரண்டு பெண்களைப் படிக்கவைத்தவர். வேலி பாதி நின்றது. மீதிப் பாதி வேரோடு பெயர்ந்து வயல் நடுவில் குவியலாகக் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ச்சி. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து காட்டினார். அதற்குள் பெட்டிச் செய்தி, கத்தரித்து, மடிக்காமல். "வேலி இருந்தா பெரிய மெஷின் உள்ள வராது. ஆனா பாவமா இருக்கேன்னு இத்தனை வருஷம் விட்டிருந்தேம்மா. நீங்களே சொல்லிட்டீங்கன்னுதான் தைரியமா எடுத்தேன்."

திட்டவா முடியும்? என்னை நம்பிச் செய்திருக்கிறார். தம்பி அன்று என்னை நம்பி நட்டான், இவர் இன்று என்னை நம்பிப் பிடுங்கியிருக்கிறார்.

குவியலின்மேல் ஒரு கீச்சான். வாயில் புழுவோடு உட்காருகிறது, எழுகிறது, சுற்றுகிறது, மறுபடி உட்காருகிறது. குஞ்சு எந்தக் கிளைக்கு அடியில் கிடக்கிறதென்று அதற்குத் தெரியவில்லை. நானும் டிராக்டரம்மாவும் முள்ளில் கையை விட்டுத் தேடினோம். கிடைத்தது. கிடைத்து என்ன?

அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்ப இது தப்பா?" என்று கேட்டார். மேற்கில் வேறு, இங்கே வேறு என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அழுதுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பது வருடத்தில் அழுததில்லை.

மீதிப் பாதியை விட்டுவிடுகிறேன் என்றார்.

மே 22, வெள்ளி

இயக்குநர்: "மொதல்ல வேணும்னீங்க. அப்புறம் வேணாம்னீங்க. இப்ப மறுபடி வேணும்னா, நான் எதம்மா நம்புறது?"

நான் எப்போதுமே ஒன்றைத்தான் சொல்கிறேன் என்றேன். இல்லை, பொய். எப்போதுமே இல்லை. மார்ச் எட்டிலிருந்து.

கிழக்கைப் பற்றி இவ்வளவு அக்கறை என்றால் அங்கேயே போய் இருக்கலாமே என்றார். தண்டனையாகத்தான் சொன்னார். சரி என்றதும் கொஞ்சம் திகைத்துப்போனார்.

ஜூன் 4, வியாழன்

கிழக்குக் கிளை அலுவலகம்: ஒரு மேசை, ஒரு மின்விசிறி, இரண்டு வேகத்தில் ஒன்று வேலை செய்யும். ஜீப் இல்லை. வாடகை அறைக்கு எதிரே ஒரு சலவைக்கடை. கணவர் வார இறுதியில் வருவார். முதல் காரியமாகக் கையேட்டின் ஆறாம் பக்கத்தைக் கிழித்தேன். புதிதாக எழுத வேண்டும்.

ஜூன் 13, சனி

வீடு வீடாக. இதுவரை முப்பத்தொரு விவசாயிகள். ஒன்பது பேர் வேலியை விடுவதாகச் சொன்னார்கள். நான்கு பேர் யோசிப்பதாகச் சொன்னார்கள், அதாவது மாட்டார்கள். மற்றவர்கள் முன்பே பிடுங்கிவிட்டார்கள், அல்லது என்னைக் கண்டதும் சிரிக்கிறார்கள். "அடுத்த மாசம் என்ன சொல்லுவீங்க மேடம்? இப்பவே சொல்லிட்டா வசதியா இருக்கும்" என்றார் ஒருவர். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தால் நாயை அவிழ்த்து விட்டிருப்பேன்.

மழை தொடங்கிவிட்டது. பிடுங்கிய இடமெல்லாம் சேறு.

ஜூன் 18, வியாழன்

டிராக்டரம்மா இன்று என்னுடன் நான்கு வீட்டுக்கு வந்தார். நான் பேசியதில் யாரும் மசியவில்லை. அவர் பேசியதில் இரண்டு பேர், கன்று கிடைத்தால் திரும்ப நடுகிறோம் என்றார்கள். கன்றுக்கு எங்கே போவேன்? நாற்றங்காலில் இருப்பதெல்லாம் மரக்கன்று என்றுதான் கேள்வி.

ஜூன் 22, திங்கள்

அரையாண்டு அறிக்கை வந்தது. மேற்கில் நடுவில் நடந்து எண்ணியதால் கூடுதல், கிழக்கில் வேலி போனதால் இழப்பு, சேர்த்துக் கூட்டி ஒரே வரி: "பறவைகளின் நிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை." தாளைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவினேன், கோப்பில் வைக்க வேண்டுமே.

ஜூன் 25, வியாழன்

தம்பி போன் செய்தான், அவனாக. அவன் ஊர்ப் பக்கத்து நாற்றங்காலில் அந்த நான்கு லட்சம் கன்றுகளும் பைக்குள்ளேயே வேர் சுருண்டு செத்துக்கொண்டிருக்கின்றனவாம். அதில் ஒரு மூலையில் வேலிப் புதர்க் கன்றும் இருக்கிறதாம். காவல்காரர், அதிகாரி கையெழுத்து இருந்தால் தருகிறேன் என்கிறாராம். "நீ இன்னும் அதிகாரிதானே அக்கா?"

கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இந்த வருடம் நான் யோசிக்காமல் போட்ட ஒரே கையெழுத்து.

ஜூன் 28, ஞாயிறு

தம்பி விடிகாலையிலேயே வண்டியோடு வந்துவிட்டான். இருநூறு கன்றுகள், பாதி வாடியிருந்தன. அவன் கிழக்குப் பக்கம் வந்ததே இல்லை. வெளியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தச் சின்னச் சின்ன வயல்களைப் பார்த்து மூச்சு முட்டியிருக்க வேண்டும். இறங்கி முதுகை நிமிர்த்தினான், சுற்றிலும் பார்த்தான், வேலை எங்கே என்றான்.

டிராக்டரம்மா வயலுக்குக் கூட்டிப்போனேன். பிடுங்கிய பக்கம் கோடு போட்டது மாதிரி மொட்டையாகக் கிடந்தது. நின்ற பாதியில் விடியற்காலைக் கூச்சல். ஒன்று நிறுத்தினால் இன்னொன்று, கிளைக்குக் கிளை, மேலேயும் கீழேயும். தம்பி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றான். நான் எண்ணவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்மேல் ஆறு வருடக் கோபம் வைத்திருக்கும் முகம்.

வேலியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான். "நீ மொதல்ல அத எழுதினது இங்க நின்னா அக்கா?"

"ஆமா."

"அப்ப பொய் சொல்லல நீ."

டிராக்டரம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தார். மூவருமாக மொட்டையாகக் கிடந்த பக்கத்தில் குழி தோண்ட ஆரம்பித்தோம். மதியத்துக்குள் நாற்பது கன்று நட்டோம். கை எரிகிறது.